ரம்பத் துணை

எஸ்பியர் துறைமுகத்தின் பின்பக்கம், முன்பு மீன்தூள் அரைத்துக்கொண்டிருந்த கட்டடத்தில் கூட்டுப்பட்டறை இயங்குகிறது. மழை பெய்தால் அதன் சுவர்களிலிருந்து இன்னும் மீன் வாசம் வரும். எங்கள் ஊரில் மழை பெய்யாத நாள் குறைவு என்பதால், பட்டறைக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஏறுகிறவரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். சந்தா கட்டினால் யாரும் உறுப்பினராகலாம். அங்கிருக்கும் இயந்திரங்களைக் கொண்டு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். வாசலில் லேசரால் வெட்டிய மர எழுத்துகளில் "இங்கே யாரும் தனியாக இல்லை" என்று மாட்டியிருக்கிறது. அதை வெட்டியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனியாக உட்கார்ந்து வெட்டினார்.

ஐனர் ஸ்கோபோ அந்தப் பட்டறைக்கு ஒரு சாப்பாட்டு மேசையைக் கொண்டுவந்தார்.

அவர் ஃபானோ தீவுக்குப் போகும் படகில் கார்களை வரிசைப்படுத்தி நிறுத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகு சட்டென்று அக்கரை சேர்ந்துவிடும். அந்தப் பயணத்தில் யாரோடும் பேச்சு வளராது. "இன்னைக்குக் காத்து ஜாஸ்தி" என்று ஒருவர் ஆரம்பித்தால், "ஆமா" என்று இவர் சொல்வதற்குள் கரை வந்துவிடும். அப்படியே முப்பது சொச்சம் வருடங்கள் போய்விட்டன. வீட்டில் பேசுவதற்கு மனைவி குட்ரூன் இருந்ததால் ஐனர் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. போன வசந்தத்தில் குட்ரூன் இறந்துபோனார். மகன்களில் ஒருவன் தலைநகர் கோபன்ஹேகனில், இன்னொருவன் ஸ்வீடனில். வீட்டில் மிஞ்சியது எட்டுப் பேர் உட்காரும் ஓக் மேசை.

ஐனர் தினம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாற்காலிகள் தேய்வதில் பாரபட்சம் வேண்டாம் என்று ஒரு நினைப்பு. எதில் உட்கார்ந்தாலும் மற்ற ஏழும் காலியாக இவரையே பார்த்தன. மேசையை விற்க மனம் வரவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. கடைசியில், அதன் ஓர் ஓரத்தை ஓர் ஆளுக்கு ஆகிறமாதிரி அறுத்து எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தார். பலகை கனமானது, அவருடைய வலது தோள்பட்டை படகின் சங்கிலிகளை இழுத்து இழுத்துக் கெட்டுப்போயிருந்தது. அப்போதுதான் வாசலில் வந்து விழும் இலவசப் பத்திரிகையில் பட்டறையின் விளம்பரத்தைப் பார்த்தார். "யோசனையோடு வாருங்கள், நண்பர்களோடு திரும்புங்கள்." நண்பர்கள் என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். வெளியே சொல்லிக்கொண்டது என்னவோ, ஒரு நல்ல ரம்பம் வேண்டும் என்றுதான்.

வாடகை வண்டியில் மேசை வந்து நின்றதும் உள்ளேயிருந்து நாலு பேர் ஓடிவந்து இறக்கினார்கள். ஐனருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நால்வரும் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு தத்தம் மூலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

பட்டறையின் தலைவர் உல்ரிக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். எங்கள் நாட்டில் தலைவரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆகவே, தான் தலைவர் என்பதை உல்ரிக்கே அவ்வப்போது நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

"வாங்க ஐனர். தலைவர்ங்கிற முறையில இல்ல, நண்பனா கேக்கறேன். உங்க படைப்பு என்ன?"

"மேசையை வெட்டணும்."

"வெட்டி?"

"வீட்டுக்குக் கொண்டுபோகணும்."

"அப்புறம்?"

"சாப்பிடணும்."

உல்ரிக் கண்ணை மூடித் திறந்தார். "சரி. இந்த மேசை நமக்கு என்ன சொல்ல வருது?"

ஐனர் மேசையைத் திரும்பிப் பார்த்தார். "மேசையா? அது ஒண்ணும் சொல்லாதுங்க."

"மௌனம்!" என்றார் உல்ரிக். கைப்பேசியில் அதைத் தட்டிவைத்துக்கொண்டு, "ரொம்ப ஆழமா யோசிச்சிருக்கீங்க" என்று ஐனரின் கெட்டுப்போன தோளிலேயே தட்டினார்.

பிறகு சாதனைச் சுவருக்கு அழைத்துப் போனார். அங்கே உறுப்பினர்களின் படைப்புகள் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக இருந்தன. முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் நூல்சுருளை மாட்டுவதற்கு, அதே இயந்திரத்தில் அச்சிட்ட கொக்கி. பட்டறையின் சின்னம் போட்ட சாவிவளையம். அந்தச் சாவிவளையங்களைத் தொங்கவிட ஒரு மரம். பட்டறைக்குள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் கருவி. அது யாராவது வெளியே போனாலும் வந்ததாகவே எண்ணும், ஆண்டறிக்கைக்கு அதுதான் வசதி. சென்ற ஆண்டின் தங்கப் பதக்கம், பதக்கங்களை வைக்கும் பெட்டிக்குக் கிடைத்திருந்தது. அந்தப் பதக்கம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"இதெல்லாம் எதுக்குப் பயன்படும்?" என்று ஐனர் கேட்டார். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"பயன்பாடுங்கிறது ஆரம்ப நிலை, ஐனர். நாம அதைத் தாண்டி வந்துட்டோம்."

பெரிய ரம்பம் மஞ்சள் கோடு போட்ட தனி அறையில் இருந்தது. அதன் பொறுப்பாளர் ஹென்னிங், மோதிரம்கூடப் போடாத மனிதர், இயந்திரங்களுக்குப் பிடிக்காதாம்.

"இப்பவே வெட்டிடலாங்களா?" என்றார் ஐனர்.

"நீங்க யாரோட வந்திருக்கீங்க?"

"நான் மட்டுந்தான்."

ஹென்னிங் தலையை ஆட்டினார். "இந்த ரம்பம் தனியாளை அனுமதிக்காதுங்க. ரம்பத் துணை வேணும். ரெண்டாவது ஆள். எதாவது ஆச்சுன்னா சிவப்புப் பொத்தானை அமுக்கணும் இல்லையா?"

"உள்ள இவ்வளவு பேர் இருக்காங்களே. யாரையாவது கூப்பிட்டா?"

"அப்படிக் கண்டவங்களைக் கூப்பிட முடியுமா? துணையா நிக்கிறவங்க தகுதிக்கான வெள்ளிப் பட்டை வாங்கியிருக்கணும்."

"அது எப்படி வாங்கறது?"

"ஒரு துணையோட சேர்ந்து எதையாவது வெட்டியிருக்கணும்."

"அப்போ முதல் ஆளு எப்படி வாங்கினாரு?"

"அது நான்தான்," என்றார் ஹென்னிங். "ஆனா நான் துணைக்கு நிக்க முடியாது. வெட்டறவரையும் துணையையும் சேத்து மேற்பார்வை பாக்கற ஆளு நான். இன்னொருத்தர் வாங்கியிருந்தாரு. அவரு போன வருஷம் நார்வேக்குக் குடிபோயிட்டாரு."

"அப்போ இந்த ரம்பத்தை யாருமே தொடறதில்லையா?"

"அதனாலதான் இதுவரைக்கும் ஒரு விபத்துகூட இல்ல," என்று ஹென்னிங் ரம்பத்தை வாஞ்சையோடு பார்த்தார். அது வாங்கிய நாளின் பளபளப்போடு இருந்தது.

ஆக, ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிடும் மேசைக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இரண்டு பேர் இருந்தால் ஐனர் மேசையை வெட்டவே வந்திருக்க மாட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், மேசை இல்லாத சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடி கறுப்பு ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமைதோறும் பட்டறையில் சமூக மாலை நடக்கும். ஐனர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். எல்லாரும் வந்திருந்தார்கள், எல்லாரும் காதுக்கவசம் போட்டிருந்தார்கள். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கவசம் கட்டாயம். பேச விரும்புகிறவர்களுக்கென்று ஒரு கண்ணாடி அறை இருந்தது. அதை ஒரு வாரம் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும்; யாருடன் பேசப்போகிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஐனர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூலை மூலையாக நடந்தார். ஒவ்வொருவரும் நிமிர்ந்து பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்கள். காப்பி ஆறியது.

கடைசி மூலையில் ரிக்மோர் என்ற பெண்மணி பின்னல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் மனிதர்களைக் காத்திருக்கச் சொல்லிப் பழகியவர். பட்டறையின் துளை இயந்திரம், பசைத் துப்பாக்கி, தீயணைப்பான் எல்லாவற்றுக்கும் அவர் ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருந்தார். தீயணைப்பானுக்குப் பொத்தான்கூட வைத்திருந்தார். அதற்காக அவருக்கு இரண்டு தங்கப் பதக்கங்கள் உண்டு. ஐனர் நிற்பதைப் பார்த்து ஒரு காதை மட்டும் திறந்தார்.

"அந்த மேசை உங்களுதுதானே? அளவெடுக்கட்டுமா?"

"எதுக்கு?"

"போர்வை பின்னத்தான். குளிருமில்ல."

"வெட்டப்போறேங்க."

"அப்போ வெட்டினதும் சொல்லுங்க," என்று காதை மூடிக்கொண்டார்.

அன்று ஐனரிடம் பேசியவர் அவர் ஒருவர்தான். பேருந்தில் வரும்போது ஐனர் அந்த உரையாடலை மறுபடி ஓட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்று தோன்றியது. என்ன நிறம் என்று கேட்டிருக்கலாம்.

வாரங்கள் போயின. மேசை நடுக்கூடத்தில் நின்றது. முதலில் அதன்மேல் யாரோ பதக்கப் பெட்டியை வைத்தார்கள். பிறகு சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒரு நாள் ஐனர் வந்து பார்த்தபோது அதன்மேல் "எட்டில் ஒன்று: ஒரு தொடரும் படைப்பு" என்று அட்டை இருந்தது, கீழே அவருடைய பேர், ஓர் எழுத்துப் பிழையோடு. தன் மேசையைத் தொடப்போனவரை ஹென்னிங் தடுத்து, காட்சிப் பொருள் என்று சொன்னார்.

"உல்ரிக், நான் வேணா மேசையை வீட்டுக்கே கொண்டுபோயிடறேன்," என்றார் ஐனர். "நின்னுக்கிட்டே சாப்பிட்டா முட்டி வலிக்குது."

"இந்த நேரத்திலயா?" உல்ரிக் பதறிவிட்டார். "நாளைக்கு நகராட்சியிலேருந்து வராங்க!"

நகராட்சியின் தனிமை ஒழிப்புப் பிரிவிலிருந்து பெனெடிக்தே என்ற அதிகாரி வந்தார். கூட்டுப்பட்டறைக்கு நிதி கொடுப்பது அந்தப் பிரிவுதான். அவர் ஐனரின் கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு, மிகவும் கனிவாகக் கேட்டார்.

"இப்ப தனிமை எப்படி இருக்கு, ஐனர்? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்களேன்."

"மேசை வீட்ல இருந்தப்போ ஒரு எட்டுன்னு வெச்சுக்கலாம். இப்போ மேசையும் இல்ல."

"ஒன்பதுன்னு போட்டுக்கட்டுமா?"

"ஒன்பது நல்ல எண்," என்றார் பக்கத்தில் நின்ற உல்ரிக்.

பெனெடிக்தே சிறிய உரை ஒன்று நிகழ்த்தினார். "தனிமைங்கிறது ஒரு தனி மனுஷனோட பிரச்சினை இல்ல. அது நம்ம எல்லாருக்கும் வேலை குடுக்கிற ஒரு விஷயம். என் பிரிவுல மட்டும் பதினோரு பேர் இருக்கோம். ஐனர் மாதிரி ஒருத்தர் கிடைக்கலேன்னா எங்க போயிருப்போம்னு நினைச்சுப் பாக்கறேன். அவருக்கு நம்ம நன்றி!" எல்லாரும் காதுக்கவசத்தைக் கழற்றாமல் கை தட்டினார்கள்.

அவர் காரேறிப் போனதும் உல்ரிக் ஐனரை ஓரமாக அழைத்தார்.

"இது தலைவர்ங்கிற முறையில சொல்றேன். நிதி புதுப்பிக்கிற வரைக்கும் நீங்க கொஞ்சம் இப்படியே இருங்க. நடுவுல திடீர்னு சரியாயிட்டீங்கன்னா நமக்குச் சிக்கல்."

"இப்படியேன்னா?"

"அதான், ஒன்பதுல."

ஐனர் சரியென்றார். படகிலும் அவர் எதிர்த்துப் பேசியவர் இல்லை. அதோடு, தன்னைக் கொண்டு யாருக்கோ ஆகவேண்டியது இருக்கிறது என்று கேட்டு நாளாகியிருந்தது.

ஜனவரியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். உருண்டை ரொட்டி, வெண்ணெய், சீஸ், காப்பி எல்லாம் பக்கத்து அறையில் தயாராக இருந்தன. கூட்டம் முடியும்வரை அறையைப் பூட்டிவைப்பது வழக்கம். எட்டாவது தீர்மானமாக, ஆண்டின் சிறந்த உறுப்பினர் விருது அறிவிக்கப்பட்டது. உல்ரிக் பேசினார்.

"நண்பர்களே, பட்டறையில இந்த வருஷம் நாம என்ன செஞ்சோம்னு கேக்கறவங்க உண்டு. ஒண்ணும் செய்யலேன்னு சொல்றவங்களும் உண்டு. அவங்களுக்கு நான் ஐனரைக் காட்டறேன். ஒரு மேசையை வெச்சு ஏழு கூட்டம் போட்டிருக்கோம். ரெண்டு உபகுழு அமைச்சிருக்கோம். அந்த மேசையை வெட்டியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோயிருக்கும். அப்புறம் அவரு வீட்டுக்குப் போயிருப்பாரு. நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?"

எல்லாரும் எழுந்து நின்று ஐனருக்கான பாட்டைப் பாடினார்கள். எங்கள் ஊரில் யாரைக் கொண்டாடினாலும் தெரிந்த மெட்டில் ஒரு பாட்டுக் கட்டி அச்சடித்துக் கொடுப்பது முறை. போன வருடத்துப் பாட்டில் பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது சரணத்தில், ஐனர் தன் கையால் படகு கட்டிக் கடலில் விட்டதையும் அது மூழ்காததையும் எல்லாரும் உருகிப் பாடினார்கள். ஐனரும் சேர்ந்து பாடினார்.

பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"நன்றிங்க. நான் படகு கட்டலை. பரவாயில்லை. எனக்கு ஒரே ஒரு உதவி வேணும். யாராவது ஒருத்தர் கொஞ்ச நேரம் மேசையைப் பிடிச்சுக்கிட்டா, நான் கைரம்பத்தாலயே அறுத்துடுவேன். ஒருத்தர் போதும். அவ்வளவுதான்."

உல்ரிக் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா! எப்பேர்ப்பட்ட உவமை!"

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. அந்த வாக்கியத்தை வாசலில் மர எழுத்துகளில் வைப்பதென்றும், எழுத்து வடிவத்தைத் தேர்வு செய்ய ஓர் உபகுழு அமைப்பதென்றும் தீர்மானம் நிறைவேறியது. ரொட்டி அறை திறந்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். சாப்பிட்டு முடித்துப் பின்வாசல் வழியே கிளம்பிப் போனார்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஐனர் கூடத்திலேயே நின்றார். கார்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்த வேலைதான்.

பிறகு கயிற்றை அவிழ்த்தார். சுவரில் "முன்னோர் கருவிகள்" என்ற பலகையில் மாட்டியிருந்த கைரம்பத்தை எடுத்தார். ஒரு தட்டும் ஒரு முழங்கையும் கொள்ளும் அளவுக்கு, மேசையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டார். அறுக்கத் தொடங்கினார். தோள் எரிந்தது. வெட்டு ஆழமாக ஆழமாக, தாங்க ஆளில்லாத மேசை அந்த இடத்தில் தொய்ந்து ரம்பத்தைக் கவ்வியது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. ஐனர் நெற்றியைப் பலகையின்மேல் வைத்துக்கொண்டார்.

"கேக் டப்பாவை விட்டுட்டுப் போயிட்டேன்," என்றது ஒரு குரல். ரிக்மோர். மேலங்கியும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார். காதில் கவசம் இல்லை.

அவர் மேசையைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார். கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, வெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் பலகைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். ரம்பம் விடுபட்டது.

"உங்களுக்கு வெள்ளிப் பட்டை இருக்கா?" என்றார் ஐனர்.

"என்கிட்ட ரெண்டு தங்கம் இருக்கு. தீயணைப்பானுக்கு ஸ்வெட்டர் போட்டதுக்கு. அறுங்க."

ஐனர் அறுத்தார். மரத்தூள் ரிக்மோரின் தொப்பியில் விழுந்தது.

"அவசரப்படாதீங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன்," என்றார் ரிக்மோர். "நாலு மணி பஸ்ஸு வரைக்கும்."

"வீட்ல தேடுவாங்களா?"

"யாரு தேடப்போறா? அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், அதான்."

அதன்பின் ரம்பத்தின் சத்தம் மட்டும். ஐனருக்கு மூச்சு வாங்கியது, ரிக்மோருக்கும் வாங்கியது. இரண்டு மூச்சும் ஒரே அறையில் கேட்பது ஐனருக்கு விநோதமாக இருந்தது. கொஞ்சம் மெதுவாகவே அறுத்தார். அறுத்து முடிய ஒரு சாண் இருக்கும்போது ரிக்மோர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"போகணும்."

"போங்க. இனிமே நான் பாத்துக்கறேன்."

ரிக்மோர் கையுறையை மாட்டிக்கொண்டு, கேக் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். அவர் கையை எடுத்ததும் மேசை முனகியது; மிச்சமிருந்த பகுதி தன் பாரத்திலேயே கிழிந்து, பெரிய துண்டும் சிறிய துண்டும் ஒன்றையொன்று விட்டுச் சரிந்தன.

மறுநாள் பட்டறையிலிருந்து செய்தி வந்தது. படைப்பு முடிந்துவிட்டபடியால் அது இனித் தொடரும் படைப்பு அல்ல. ஆகவே விருது திரும்பப் பெறப்படுகிறது. சிறிய துண்டை அவர் உடனே அகற்றிக்கொள்ள வேண்டும். பெரிய துண்டு சமூக மேசையாகப் பட்டறையிலேயே இருக்கும். அதை அவர் பயன்படுத்த விரும்பினால் முன்பதிவு செய்யலாம்.

சிறிய துண்டுக்கு இரண்டு கால்தான் இருந்தது. ஐனர் அதன் வெட்டுப்பட்ட பக்கத்தைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஏற்றி வைத்தார், நின்றது. அப்போதுதான் கவனித்தார். வெட்டு நேராக வரவில்லை. ரிக்மோர் பிடித்திருந்த பக்கம் பென்சில் கோட்டிலிருந்து விலகி வெளியே ஓடியிருந்தது. ஐனரின் தட்டும் முழங்கையும் போக, அந்தப் பக்கம் ஒரு காப்பிக் கோப்பைக்கு இடம் இருந்தது. தட்டுக்கு இல்லை. கோப்பைக்கு இருந்தது.

ரிக்மோரின் தொலைபேசி எண்ணைப் பட்டறையில் கேட்டார். உறுப்பினர்களின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் பொருட்டு எண்ணைத் தர இயலாது என்றும், உறுப்பினர் ஒருவர் இன்னோர் உறுப்பினரோடு தொடர்புகொள்வது பற்றி உறவுகள் குழு ஆலோசித்துவருகிறது என்றும் உல்ரிக் சொன்னார். "ஏன், என்ன விஷயம்? ஒன்பதுலதானே இருக்கீங்க?" என்று கவலையோடு விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை ஐனர் நேராகப் பின்னல் மூலைக்குப் போய் நின்றார். ரிக்மோர் ஒரு காதைத் திறந்தார்.

"மேசையை வீட்ல வெச்சுட்டேன்," என்றார் ஐனர். "ஒரு நாள் காப்பி குடிக்க வாங்களேன்."

"எவ்வளவு பெருசு?"

"ஒரு தட்டு, ஒரு கோப்பை."

"நான் சாப்பிடறதுக்கு வரலியே," என்றார் ரிக்மோர். பையிலிருந்து நாட்காட்டியை எடுத்துப் புரட்டினார். எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் சும்மா போய் நிற்பதில்லை. "இந்த மாசம் முடியாது. அடுத்த மாசம், மூணாவது வியாழன், மூணு மணி. சரியா?"

"சரி."

"போர்வைக்கு அளவும் அப்பவே எடுத்துக்கறேன்."

"என்ன நிறம்?" என்று கேட்டார் ஐனர்.

ரிக்மோர் இரண்டாவது காதையும் திறந்தார். "பச்சை. ஏன், பிடிக்காதா?"

"பிடிக்கும்."

அவர் இரண்டு காதையும் மூடிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஐனர் மழையில் நடந்து வீட்டுக்கு வந்து, ரொட்டியை வெட்டித் தட்டில் வைத்தார். முழங்கையை விலாவோடு ஒடுக்கிக்கொண்டு, ரிக்மோரின் பக்கத்தில் ஒரு துணுக்கும் சிந்தாமல் சாப்பிட்டார்.